வீட்லயே பைக் வேலை பாக்கப்போய் எஞ்சினைக் கெடுத்துட்டீங்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் மெக்கானிக் கிடையாதுங்க. திருப்பூர் பக்கம் பனியன் கம்பெனில வேலை, வீட்ல ஒரு பழைய ஸ்ப்ளெண்டர், அண்ணன் விட்டுட்டுப் போன ஒரு ஆர்எக்ஸ் 100, ரெண்டுக்கும் பத்துப் பன்னெண்டு வருஷமா நானேதான் வேலை பாக்குறேன், கெடுத்ததும் நான்தான். கூட வேலை செய்யற பசங்க, சொந்தக்காரங்கன்னு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆனா போன் வந்துரும், "அண்ணா ஒரு சின்ன தப்பு ஆயிருச்சு"ன்னு. கேக்கறது எல்லாம் பெரும்பாலும் ஒரே கேள்விங்கதான், அதான் மொத்தமா எழுதி வச்சுட்டேன்.

போல்ட்டை இறுக்கும்போது சட்டுனு லூசாயிருச்சு, இல்ல உள்ள ஏதோ டக்குனு சத்தம் கேட்டுச்சு. முதல்ல என்ன செய்யறது?

கையை எடுங்க. ஸ்பேனரைக் கீழ வைங்க. சாவியை எடுத்து சட்டைப் பையில போட்டுக்கங்க, ஏன்னா அடுத்து நீங்க செய்யப்போறது என்னன்னு எனக்குத் தெரியும், "எதுக்கும் ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பாப்போம்"னு கிக்கர்ல காலை வைப்பீங்க. 200 ரூபாய்ல முடியவேண்டியது எஞ்சின் இறக்கற வேலையா மாறுறது அந்த ஒரு உதையிலதான். தப்பு நடந்தப்ப எஞ்சின் ஓடல, அது அப்படியே நிக்குது, ஓடாத எஞ்சின் தானா மேல கெட்டுப்போகாது.

போன்ல நாலு போட்டோ எடுத்து வைங்க, கடைசியா எந்த போல்ட்டைத் தொட்டீங்க, எந்தப் பக்கம் திருப்புனீங்கன்னு ஒரு வரி எழுதிக்கங்க. காலைல எந்திரிச்சா பாதி மறந்துரும்.

ஆயில் மாத்தும்போது ட்ரெயின் போல்ட் (பழைய ஆயிலை இறக்கற போல்ட்) மரை வழுக்கிருச்சு, எவ்வளவு திருப்புனாலும் சும்மா சுத்துது. எஞ்சின் கேஸே போச்சா?

போகல. எனக்கு வர்ற போன்ல பாதி இதுதான், நானும் பண்ணியிருக்கேன். போல்ட்டு இரும்பு, எஞ்சின் கேஸ் அலுமினியம், ரெண்டும் சண்டை போட்டா தோக்கறது எப்பவும் அலுமினியம்தான். ஏன் இவ்வளவு பேருக்கு இது நடக்குதுன்னா ரெண்டு காரணம். ஒண்ணு, வாஷர் மாத்தாம பழசையே போடறது, ரெண்டு நாள் கழிச்சு சொட்டு சொட்டா ஒழுகும், உடனே இன்னும் ஒரு இறுக்கு, இன்னும் ஒரு இறுக்கு, கடைசில மரை உரிஞ்சு வந்துரும். வாஷர் அஞ்சு பத்து ரூபாய் சமாச்சாரம்ங்க. ரெண்டாவது காரணம் கொஞ்சம் வேடிக்கையானது. போல்ட் இருக்கறது எஞ்சினுக்கு அடில, அது தலைகீழா கீழே பாத்துக்கிட்டு இருக்கு. மல்லாக்கப் படுத்துக்கிட்டுப் பாத்தா வலது இடது சரியா இருக்கும், ஆனா நாம என்ன செய்வோம், வண்டிக்குப் பக்கத்துல குந்தி உக்காந்து மேல இருந்து குனிஞ்சு பாத்துக்கிட்டே கையை அடில விட்டுத் திருப்புவோம், அப்ப திசை மாறிரும், கழட்டறோம்னு நெனச்சு முழு பலத்தையும் போட்டு இறுக்கிக்கிட்டு இருப்போம். நான் அப்படித்தான் கெடுத்தேன், நல்லா காலை ஃபுட்ரெஸ்ட்டுக்கு முட்டுக்கொடுத்து, பல்லைக் கடிச்சுக்கிட்டு.

சரி பண்றது எப்படின்னா, நல்ல லேத்து பட்டறையில "ஹெலிகாயில் போடணும்"னு சொன்னாப் போதும். பழைய ஓட்டையைக் கொஞ்சம் பெருசாத் துளைச்சு, புது மரை வெட்டி, அதுக்குள்ள ஸ்ப்ரிங் மாதிரி சுத்தின ஒரு ஸ்டீல் கம்பியை ஏத்துவாங்க, அதே பழைய சைஸ் போல்ட்டு அதுலயே மாட்டிக்கும். கம்பெனி அலுமினிய மரையை விட இது பலம். சில பட்டறைல இரும்பு புஷ் கடைஞ்சு இறக்குவாங்க, அதுவும் நல்லாவே நிக்கும். வண்டியை ஆயில் இல்லாம ஆட்டோவுல ஏத்திக்கிட்டுப் போங்க, தள்ளிக்கிட்டும் போகலாம், ஓட்டிக்கிட்டு மட்டும் போகாதீங்க.

மரை வெட்டும்போது வர்ற அலுமினியத் தூள் உள்ள போகுமே? மரை வெட்டற கருவியான டேப்புல கிரீஸ் தடவி வெட்டுனா தூள் கிரீஸ்லயே ஒட்டிக்கும், ஓட்டை கீழ பாத்து இருக்கறதால மீதியும் கீழதான் கொட்டும். முடிச்சதும் மேல ஃபில்லர் ஓட்டை வழியா விலை கம்மியான ஆயில் கால் லிட்டர் ஊத்தி அடில கழுவி விட்டுருங்க.

ஸ்பேர் கடைல "ஓவர்சைஸ் போல்ட்டு" ஒண்ணு கொடுப்பாங்க, தானே மரை வெட்டிக்கிட்டு ஏறும்னு சொல்லி. அவசரத்துக்கு ஓகே, ஆனா கோணலா ஏறினா அடுத்து ஹெலிகாயில் போடக்கூட இடம் இருக்காது. எம்சீல் வச்சு அடைக்கிறது, டெஃப்லான் டேப் சுத்தறது எல்லாம் வேணாங்க, ஆயில் பட்ட இடத்துல எம்சீல் ஒட்டவே ஒட்டாது, நடுரோட்டுல போல்ட்டு கழண்டு ஆயில் முழுசும் பின் டயர்ல கொட்டுனா எஞ்சின் மட்டும் இல்ல, ஆளும் போயிருவோம்.

டார்க் ரெஞ்ச் (இறுக்கற பலத்தை அளந்து காட்டற ஸ்பேனர்) இல்ல, எவ்வளவு இறுக்கறதுன்னு கையாலயே எப்படித் தெரிஞ்சுக்கறது?

கணக்கு ரொம்ப சுலபம். சைடு கவர்ல இருக்கற 6 எம்எம் போல்ட்டு, அதாவது 8 இல்ல 10 நம்பர் ஸ்பேனர் பிடிக்கறது, அதுக்கு சுமாரா 10 நியூட்டன் மீட்டர் போதும். அப்படின்னா 10 சென்டிமீட்டர் நீளத்துல பிடிச்சு ஒரு 10 கிலோ எடையால அழுத்தற மாதிரி. அதனால அந்த சைஸ் போல்ட்டுக்கு ஸ்பேனரோட நுனியைப் பிடிக்கவே கூடாது, தலைக்குப் பக்கத்துல ரெண்டு விரல். 12 எம்எம் ட்ரெயின் போல்ட்டு, 17 நம்பர் ஸ்பேனர், அதுக்கு 25 நியூட்டன் மீட்டர் பக்கம், 20 சென்டிமீட்டர் ரிங் ஸ்பேனர் நுனியில பன்னெண்டரை கிலோ. அரிசி சிப்பம் 25 கிலோ, அதுல பாதியை ஒரு கையால தூக்கற பலம், அவ்வளவுதான். உங்க வண்டி மேனுவல்ல வேற நம்பர் இருந்தா அதைத்தான் எடுத்துக்கணும்.

டார்க் ரெஞ்ச் வாங்குனவங்களும் கெடுக்கறாங்க, ஏன்னா அதுல ரெண்டு அளவு அடிச்சிருக்கும், நியூட்டன் மீட்டரும் ஃபுட் பவுண்டும். மாத்திப் படிச்சா 10 வேண்டிய இடத்துல பதிமூணரை போகும், 6 எம்எம் போல்ட்டுக்கு அது நெறைய. அப்புறம் கிளிக்னு சத்தம் வந்தா நிறுத்தணும், கேட்டுச்சா இல்லையான்னு சந்தேகத்துல இன்னொரு கிளிக் வாங்கக்கூடாது.

ஸ்பார்க் பிளக் கோணலா ஏறிருச்சு. பாதில நிக்குது, மேலயும் வரல.

மேல ஏத்தாதீங்க, அவ்வளவுதான் முக்கியம். எஞ்சின் நல்லா ஆறட்டும், பிளக் ஓரத்துல கொஞ்சம் டபிள்யூடி 40 இல்ல ஆயில் விட்டு, கால் சுத்து கழட்டறது, எட்டுல ஒரு பங்கு திரும்ப உள்ள, மறுபடி கால் சுத்து வெளிய, இப்படி ஆட்டி ஆட்டி எடுங்க. சூடா இருக்கும்போது பிளக்கை வம்பா கழட்டுனா மரையும் சேந்து வந்துரும்.

எடுத்த பிறகு முதல் ரெண்டு மரை மட்டும் நசுங்கியிருந்தா தப்பிச்சீங்க, அந்த சைஸ் டேப்புல கிரீஸ் தடவி மெதுவா ஓட்டுனா சரியாயிரும். ஸ்ப்ளெண்டர், பல்சர் மாதிரி வண்டிக்கு 10 எம்எம் மரை, 16 நம்பர் பிளக் ஸ்பேனர். ஆர்எக்ஸ் 100க்கு 14 எம்எம் மரை, 21 நம்பர். முழு மரையும் போயிருந்தா ஹெட்டை, அதாவது சிலிண்டருக்கு மேல இருக்கற மூடியை, இறக்கித்தான் ஹெலிகாயில் போடணும், ஹெட்டு வண்டில இருக்கும்போதே போட்டுத் தர்றேன்னு யாராச்சும் சொன்னா எனக்கு நம்பிக்கை இல்ல, ஏன்னா ஹெலிகாயில் கம்பியோட அடில ஒரு சின்னக் கொக்கி இருக்கும், ஏத்துன பிறகு அதை உடைச்சு எடுக்கணும், அது நேரா சிலிண்டருக்குள்ள விழும்.

இனிமே பிளக்கை ஸ்பேனர் வச்சு ஆரம்பிக்காதீங்க. பிளக் மேல ஒரு பெட்ரோல் ட்யூப் துண்டைச் சொருகி அதைக் கையால சுத்துங்க, கோணலா ஏறினா ட்யூப்பு வழுக்கிரும், மரை தப்பிச்சுரும். கைக்கு நின்ன பிறகு புது பிளக்னா அரை சுத்து, பழைய பிளக்னா கடிகாரத்துல பெரிய முள்ளு அஞ்சு நிமிஷம் நகர்ற அளவு. முடிஞ்சது.

பிளக் ஓட்டைக்குள்ள நட்டு, வாஷர், இல்ல உடைஞ்ச துண்டு ஏதோ விழுந்துருச்சு.

கிக்கர் தொடக்கூடாது, வண்டியை கியர்ல போட்டுத் தள்ளவும் கூடாது. பிஸ்டன் மேல வந்தா அந்தத் துண்டு ஹெட்டுக்கும் பிஸ்டனுக்கும் நடுவுல மாட்டும், வால்வு வளையும், இல்ல பிஸ்டன்ல பள்ளம் விழும்.

விழுந்தது இரும்புன்னா ஆன்டெனா மாதிரி நீளற காந்தக் குச்சி கடைல கிடைக்கும், அதால எடுத்துரலாம். பித்தளை, அலுமினியம் காந்தத்துல ஒட்டாது, அதுக்கு ஒரு குச்சி நுனில கெட்டி கிரீஸ் உருண்டை, இல்ல வேக்குவம் கிளீனர் வாய்ல சின்ன ட்யூப் ஒட்டி உறிஞ்சறது. போன்ல மாட்டற எண்டோஸ்கோப் கேமரா (ஒயர் நுனில இருக்கற சின்ன கேமரா) இப்ப கடைல கிடைக்குது, அதுல பாத்துக்கிட்டே செஞ்சா குருட்டாம்போக்குல தடவ வேண்டியதில்ல. ஒரு மணி நேரம் ஆகியும் வரலன்னா ஹெட்டை இறக்கறது மானக்கேடு இல்ல.

பிளக்கைக் கழட்டறதுக்கு முன்னாடி அந்தக் குழியைக் காத்தடிச்சு சுத்தம் பண்ணணும்னு யாருமே சொல்றதில்ல. அங்க சேந்து கிடக்கற மணலு, பிளக்கைத் தூக்குன உடனே உள்ளதான் விழும்.

அந்த மாதிரி துண்டு டைமிங் செயின் (வால்வுங்களை இயக்கற செயின்) சந்துக்குள்ள இல்ல கிராங்க் கேஸுக்குள்ள விழுந்தா?

அதேதான், திருப்பாம மீன் பிடிக்கணும். ஆனா விழாம இருக்க ஒரே வழி, ஹெட்டையோ பிளாக்கையோ (சிலிண்டர் இருக்கற பாகம்) தூக்கின உடனே திறந்த வாயில துணி அடைக்கிறது. பிஸ்டன் பின்னோட கிளிப்பு பறக்கும்ங்க, சத்தியமா பறக்கும், கண்ணு மூடித் திறக்கறதுக்குள்ள காணாமப் போயிரும். திருப்பூர்க்காரன் நான், பனியன் வேஸ்ட்டுக்குப் பஞ்சமா. ஆனா நூல் பிரியாத துணியா இருக்கணும், அப்புறம் அடைச்ச துணியை மறக்காம எடுக்கணும், எத்தனை துணி வச்சோம்னு எண்ணி வைங்க. கார்பரேட்டரைக் கழட்டிட்டு இன்டேக் வாயில துணி அடைச்சு, அப்படியே மறந்து மாட்டி, வண்டி ஸ்டார்ட்டே ஆகலன்னு ரெண்டு நாள் பிளக்கும் காயிலும் மாத்துன ஆளை எனக்குத் தெரியும், பேர் சொல்லமாட்டேன், அவன் கல்யாணம் இன்னும் ஆகல.

பழைய ஆயிலை இறக்கிட்டு புதுசு ஊத்த மறந்து ஸ்டார்ட் பண்ணிட்டேன்!

எவ்வளவு நேரம்னு கேட்டாத்தான் பதில் சொல்ல முடியும். அஞ்சு பத்து செகண்டுன்னா பெரும்பாலும் ஒண்ணும் ஆயிருக்காது, உள்ள எல்லா இடத்துலயும் ஒட்டியிருக்கற ஆயிலு கொஞ்ச நேரம் காப்பாத்தும். ஐட்லிங்ல ரெண்டு மூணு நிமிஷம்னா சந்தேகம். ஓட்டிக்கிட்டு தெருமுனை டீக்கடை வரைக்கும் போயிட்டீங்கன்னா மனசைத் தேத்திக்கங்க.

முதல்ல அடிவாங்கறது மேல, ஹெட்ல வால்வைத் திறக்கற கேமும் ராக்கர் ஆர்மும், ஆயில் பம்புல இருந்து தூரத்துல இருக்கறது அதுதான். அடுத்து பிஸ்டனும் சிலிண்டரும், கோடு விழும். கீழ கனெக்டிங் ராடுல இந்த சின்ன வண்டிங்களுக்கு உருளை பேரிங், அது கொஞ்சம் தாக்குப்பிடிக்கும்.

எஞ்சின் தானா நின்னுட்டா அப்படியே விட்டுருங்க. சூட்டோட தண்ணி ஊத்தாதீங்க, அவசரத்துல ஒருத்தர் ஊத்தி எஞ்சினோட ஃபின் (சூடு ஆற வெளிய நீட்டியிருக்கற தகடு) வெடிச்சுருச்சு. நல்லா ஆறுன பிறகு பிளக்கைக் கழட்டி அந்த ஓட்டைல ரெண்டு ஸ்பூன் ஆயில் விட்டு, சரியான அளவு புது ஆயிலையும் ஊத்தி, டாப் கியர்ல போட்டு பின்சக்கரத்தைக் கையால மெதுவா சுத்துங்க. வழுவழுன்னு சுத்துனா நல்ல செய்தி. ஒரு இடத்துல பிடிச்சு விட்டா அங்கயே நிறுத்திருங்க, பிளாக்கைப் பிரிச்சுத்தான் பாக்கணும்.

நல்லா சுத்துனா ஸ்டார்ட் பண்ணிக் காதைக் கொடுங்க. மேல இருந்து டிக் டிக்னு வந்தா கேம் பக்கம், அடில இருந்து கடகடன்னு வந்தா கிராங்க். சைலன்சர்ல நீலப் புகைன்னா பிஸ்டன் ரிங்கு. அடுத்து ஒரு 50 கிலோமீட்டர் பதமா ஓட்டி அந்த ஆயிலை வெள்ளைத் தட்டுல இறக்கி வெயில்ல பாருங்க. காந்தத்துல சாம்பல் கலர்ல மாவு மாதிரி ஒட்டுனா சகஜம். காந்தத்துல ஒட்டாத வெள்ளிச் செதில் மின்னுனா பிஸ்டன் அலுமினியமா இருக்கலாம், தங்கக் கலர்ல மின்னுனா ஏதோ ஒரு புஷ்ஷு கரையுது. அந்த ஆயிலைத் திரும்ப ஊத்தாதீங்க, அதையும் கேட்டாங்க ஒருத்தர்.

ஆயில் அதிகமா ஊத்திட்டேன், பரவால்லையா?

பரவால்ல இல்ல. கிராங்க் அதுல அடிச்சு நுரையாக்கும், நுரையைப் பம்பு சரியாத் தள்ளாது, மிச்சம் பிரீதர் (எஞ்சின் மூச்சு விடற ட்யூப்) வழியா ஏர் ஃபில்டர்ல போய் நனைக்கும். 100 சிசி வண்டிக்கு ஒரு லிட்டருக்குள்ளதான் பிடிக்கும், பாட்டில் முழுசையும் கவுக்கறதுதான் தப்பு. ட்ரெயின் போல்ட்டை லேசா லூஸ் பண்ணி இறக்கலாம், இல்ல சிரிஞ்ச்ல ட்யூப் மாட்டி மேல இருந்து உறிஞ்சுருங்க. அளவு பாக்கறது நடு ஸ்டாண்டுல நேரா நிறுத்தி; சைடு ஸ்டாண்டுல பாத்தா பொய் சொல்லும். டிப்ஸ்டிக்கை மரை ஏத்திப் பாக்கணுமா, சும்மா உக்கார வச்சுப் பாக்கணுமான்னு வண்டிக்கு வண்டி மாறும், ஹோண்டா வம்சத்து எஞ்சின்ல பொதுவா ஏத்தாமத்தான்.

நீங்க ஊத்தாமலே ஆயில் மட்டம் ஏறுச்சா? மோந்து பாருங்க. பெட்ரோல் வாடை அடிச்சா கார்பரேட்டர் நீடில் அடைக்காம பெட்ரோல் கீழ இறங்குது, அந்த ஆயிலோட ஓட்டாதீங்க.

கார் ஆயில் ஊத்திட்டேன்.

பைக்ல கிளட்ச் பிளேட்டும் அதே ஆயில்லதான் குளிக்குது. கார் ஆயில்ல வழுக்கறதுக்குன்னே சேத்த சரக்கு இருந்தா கிளட்ச் வழுக்கும், ஆக்சிலேட்டர் முறுக்குனா சத்தம் ஏறும் வண்டி ஏறாது. எஞ்சின் உடனே சாகாது, இறக்கிட்டு பாட்டில்ல ஜாஸோ எம்ஏ இல்ல எம்ஏ2ன்னு போட்டதை ஊத்துங்க, ரெண்டு தடவை மாத்துனா பெரும்பாலும் கிளட்ச் பிடிக்க ஆரம்பிச்சுரும். எம்பின்னு போட்டது ஸ்கூட்டருக்கு, கியர் வண்டிக்கு வேணாம்.

ஆயில் ஃபில்டரைத் திருப்பி மாட்டிட்டேன் போல.

ஸ்ப்ளெண்டர்காரங்க நிம்மதியா இருங்க, அதுல மாத்தற மாதிரி பேப்பர் ஃபில்டரே கிடையாது. ஒரு வலை, அப்புறம் கிளட்ச் கவருக்குள்ள கிராங்க்கோட சேந்து சுத்தற ஒரு கிண்ணம், சுத்தற வேகத்துல அழுக்கு ஓரத்துல போய் களிமண்ணு மாதிரி ஒட்டிக்கும், தயிர் கடையற கணக்குதான்.

பேப்பர் ஃபில்டர் வண்டில ஒரு பக்கம் ஓட்டையும் மறுபக்கம் மூடியும் இருக்கும், திருப்பிப் போட்டா ஆயில் போற வழியே அடைபடலாம், இல்ல வடிகட்டாமலே போகும். சிலதுல வெளிப்பக்கம் எதுன்னு எழுதியே இருக்கும். சந்தேகம்னா ஓட்டாம கழட்டிப் பாத்துருங்க, ஒரு ஓ ரிங் செலவு. பழைய ஓ ரிங் கவர்ல ஒட்டிக்கிட்டு இருக்கும், அது மேலயே புதுசையும் போட்டா ரெண்டும் சேந்து பிதுங்கி ஆயில் பீச்சியடிக்கும், அதையும் பாருங்க.

கவருக்கு நடுவுல இருக்கற பேக்கிங் கிழிஞ்சுருச்சு, அனாபாண்ட் பசையை நல்லா தாராளமா போட்டு மூடிட்டேன், போதும்ல?

அந்த "தாராளமா"தான் பயமா இருக்கு. வெளிப்பக்கம் பிதுங்குனது கண்ணுக்குத் தெரியுது, அதே அளவு உள்பக்கமும் பிதுங்கியிருக்கும், அது காஞ்சு ரப்பர் மணியாப் பிஞ்சு ஆயில் வலையில போய் அடைக்கும், இல்ல மேல ஹெட்டுக்கு ஆயில் போற பொடி ஓட்டைல. ஆயில் ஊத்தியும் ஆயில் இல்லாம ஓடுன கதி. கவரைத் திரும்பக் கழட்டி ரெண்டு பக்கமும் சுரண்டி, கடைல புது பேக்கிங் வாங்கிப் போடுங்க. அனாபாண்ட்தான் போடணும்னா ரெண்டு முகத்துலயும் ஒரு மெல்லிசுப் பூச்சு, விரலால தடவுன அளவு. சுரண்டும்போது திருப்புளி வேணாம், அலுமினியத்துல கோடு விழுந்தா அந்தக் கோடு வழியாவே ஒழுகும், பிளாஸ்டிக் ஸ்கேல் உடைச்சு வச்சுக்கங்க.

டேப்பட் (வால்வுக்கும் ராக்கருக்கும் நடுவுல இருக்கற இடைவெளி) செட் பண்ணேன், இப்ப ஸ்டார்ட் ஆகல, கிக்கர் லேசா இறங்குது.

தப்பான இடத்துல வச்சு செட் பண்ணியிருப்பீங்க. மேக்னட்டுல (கிராங்க்கோட சுத்தற காந்தச் சக்கரம்) டி மார்க்கு நேரா வர்றது ரெண்டு சுத்துக்கு ரெண்டு தடவை, அதுல கம்ப்ரஷன்ல (ரெண்டு வால்வும் மூடியிருக்கற நேரம்) வர்றது ஒண்ணுதான். அப்ப ரெண்டு ராக்கரும் லூசா ஆடும். ஆடலன்னா இன்னும் ஒரு முழு சுத்து சுத்திட்டுப் பாருங்க. எஞ்சின் சில்லுனு இருக்கும்போது, மேனுவல்ல போட்ட அளவுக்கு ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கற மெல்லிசு தகடு) வச்சு, மறுபடி செட் பண்ணா முடிஞ்சது. டைட்டா வச்சு ரொம்ப நாள் ஓட்டுனாத்தான் எக்ஸாஸ்ட் வால்வு எரியும், ஸ்டார்ட்டே ஆகாததால நீங்க தப்பிச்சீங்க. சத்தம் வரக்கூடாதுன்னு டைட் வைக்கறவங்கதான் கடைசில வால்வு மாத்தறாங்க, கொஞ்சம் டிக் டிக்னு கேக்கட்டுமே.

டைமிங் செயின் டென்ஷனரை (செயினைத் தொய்யாம பிடிக்கறது) கழட்டிட்டு கிக்கர் உதைச்சுட்டேன்.

செயின் ஒரு பல்லோ ரெண்டு பல்லோ தாண்டியிருக்கும். இனிமே உதைக்காதீங்க. மேக்னட் நட்டுல ஸ்பேனர் போட்டு, எஞ்சின் ஓடற திசையிலயே, பிளக் இல்லாம, கையால மெதுவா சுத்துங்க, எங்கயாச்சும் இரும்பு இரும்பை முட்டற மாதிரி நின்னா பலம் போடாதீங்க, அது பிஸ்டன் மேல வால்வு உக்காந்திருக்கற இடம். முட்டலன்னா டி மார்க்கும் கேம் ஸ்ப்ராக்கெட் மார்க்கும் ஒத்துப்போற மாதிரி செயினை மாத்தி வச்சு, முழுசா ரெண்டு சுத்து கையால சுத்தி, மார்க் திரும்ப ஒத்து வருதான்னு பாத்துட்டுத்தான் ஸ்டார்ட்.

முட்டியிருந்தா ஹெட்டை இறக்கி, வால்வு இருக்கும்போதே போர்ட்டுக்குள்ள கொஞ்சம் பெட்ரோல் ஊத்தி வச்சுப் பாருங்க, வால்வு ஓரத்துல கசிஞ்சா வளைஞ்சிருக்கு. பக்கத்துல சிகரெட் பிடிக்கிற ஆளை மட்டும் துரத்திவிட்டுட்டு செய்யுங்க.

போல்ட்டு தலை உடைஞ்சு தண்டு உள்ளயே நின்னுருச்சு.

சைலன்சர் போல்ட்டா? அப்ப துரு. தண்டு வெளிய கொஞ்சம் நீட்டிக்கிட்டு இருந்தா அது மேல ஒரு நட்டை வச்சு வெல்டிங் அடிச்சு, அந்த சூட்டோட ஸ்பேனர் போட்டு ஆட்டி எடுப்பாங்க, சூடே பாதி வேலையைச் செஞ்சுரும். வெல்டிங்குக்கு முன்னாடி பேட்டரி ஒயரைக் கழட்டணும், பெட்ரோல் டேங்க்கை இறக்கணும். உள்ளயே முங்கிப் போயிருந்தா தயவுசெஞ்சு வீட்ல ஈஸி அவுட் (உடைஞ்ச தண்டுக்குள்ள இறக்கிக் கழட்டற கருவி) போடாதீங்க, அது உடைஞ்சா ட்ரில்லே ஏறாத கெட்டி இரும்பு, அதுக்கப்புறம் லேத்துக்காரரே உங்களைத் திட்டுவாரு.

வெள்ளத்துல நின்ன வண்டி, இல்ல வாட்டர் வாஷ்ல தண்ணி உள்ள போயிருச்சு, நானே சரி பண்ணலாமா?

பண்ணலாம், ஸ்டார்ட் பண்ணாம இருந்தா மட்டும். 2015 டிசம்பர்ல சென்னைல தண்ணி வந்தப்பவும், 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தப்பவும் வண்டிங்களைக் கெடுத்தது வெள்ளம் பாதி, தண்ணி வடிஞ்ச உடனே செல்ஃப் அடிச்சது பாதி. தண்ணியை அமுக்க முடியாது. பிஸ்டன் மேல வரும்போது நடுவுல தண்ணி நின்னா வளையறது கனெக்டிங் ராடு.

பிளக்கைக் கழட்டிட்டு கிக்கரை மெதுவா இறக்குங்க, தண்ணி பீச்சிக்கிட்டு வரும். ஏர் ஃபில்டரை எடுத்துருங்க, கார்பரேட்டர் கிண்ணத்து ஸ்க்ரூவைத் திறந்து விடுங்க, டேங்க்லயும் தண்ணி இருக்கும். ஆயிலைத் திறந்தா பால் டீ கலர்ல வரும். முழுசா இறக்கிட்டு விலை கம்மியான ஆயில் ஊத்தி, ரெண்டு மூணு நிமிஷம் ஐட்லிங்ல விட்டு, திரும்ப இறக்குங்க, கலர் தெளியற வரைக்கும் இப்படியே, ரெண்டு மூணு தடவை ஆகும். மண்ணெண்ணெய் ஊத்திக் கழுவி ஸ்டார்ட் பண்ணுன்னு சொல்ற பெரியவர் ஒவ்வொரு தெருவுலயும் ஒருத்தர் இருப்பாரு, கும்பிடு போட்டுட்டு வந்துருங்க.

ஆர்எக்ஸ் 100, பிஸ்டன் பிடிச்சுருச்சு. 2டி ஆயில் (டூ ஸ்ட்ரோக் வண்டில பெட்ரோலோட சேந்து எரியற ஆயில்) பம்பைக் கழட்டி சுத்தம் பண்ணது நான்தான்.

அப்ப காரணமும் அதுதான், ட்யூப்புக்குள்ள காத்துக் குமிழி நின்னுருக்கும். பம்பைத் தொட்டா அதுல இருக்கற பிளீடிங் ஸ்க்ரூவைத் திறந்து குமிழி போய் சுத்தமா ஆயில் வர்ற வரைக்கும் விடணும், முதல் ரெண்டு லிட்டர் பெட்ரோல்ல 2டி ஆயிலைக் கலந்தே ஓட்டணும். 1996ல நின்னுபோன வண்டி, அதுக்கப்புறம் கம்பெனி விடல, பாத்துத்தான் பிரிக்கணும்.

பிடிச்ச பிஸ்டனை விடுவிக்க பிளக் ஓட்டைல ஆயில் ஊத்தி ஒரு ராத்திரி ஊறட்டும், காலைல கியர்ல போட்டு வண்டியை முன்னும் பின்னும் ஒரு ஜாண் ஆட்டுங்க, கிக்கர் மேல ஏறி நிக்காதீங்க. விட்டாலும் பிளாக்கை இறக்கிப் பாக்கணும், கோடு லேசுன்னா பிழைச்சுக்கும், விரல் நகம் மாட்டற ஆழம்னா போர் போடணும், அதாவது சிலிண்டரைக் கடைஞ்சு பெருசாக்கி பெரிய பிஸ்டன் போடணும். பிஸ்டன் 0.25, 0.50, 0.75, 1.00 எம்எம்னு சைஸ் ஏறும், 1.00 வரைக்கும் போயிட்ட பிளாக்னா புது ஸ்லீவ் (சிலிண்டரோட உள் உறை) அடிக்கணும். டியூக் மாதிரி கோட்டிங் போட்ட சிலிண்டருக்கு இந்த போர் கதையே கிடையாது, பிளாக்கை மாத்தறதுதான்.

மெக்கானிக்கிட்ட நான்தான் பிரிச்சேன்னு சொல்லணுமா? வாரன்ட்டி, இன்சூரன்ஸ்?

சொல்லிருங்க. என் மச்சான் ஒருத்தர் "திடீர்னு நின்னுருச்சுண்ணே"ன்னு விட்டுட்டு வந்தாரு, பாவம் அந்த மனுஷன் கார்பரேட்டரைக் கழட்டி, சிடிஐ (பிளக் பொறியைக் கட்டுப்படுத்தற எலக்ட்ரானிக் பெட்டி) மாத்தி, காயில் மாத்தி, மூணாவது நாள்தான் டைமிங் செயின் பல்லு தாண்டுனதைப் பாத்தாரு. எல்லாத்துக்கும் பில்லு. "நேத்து டென்ஷனர் கழட்டினேன்"னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அரை மணி நேர வேலை. திட்டுவாங்கதான், திட்டுக்கு ஜிஎஸ்டி இல்ல.

வாரன்ட்டில இருக்கற வண்டின்னா எஞ்சினுக்குள்ள கை வச்ச சேதாரத்துக்கு கம்பெனி கொடுக்காது, கேக்கறதும் நியாயம் இல்ல. இன்சூரன்ஸ்ல சாதாரண ஓன் டேமேஜ் பாலிசி மெக்கானிக்கல் பிரேக்டவுனை எடுத்துக்காது. எஞ்சின் புரொடெக்ட்னு தனியா சேக்கறது இருக்கு, அது முக்கியமா தண்ணி புகுந்ததுக்கும் ஆயில் ஒழுகி வர்ற சேதத்துக்கும், அதுலயும் தண்ணிக்குள்ள நின்னதை ஸ்டார்ட் பண்ணீங்கன்னு தெரிஞ்சா தகராறுதான்.

எல்லாம் மாட்டிட்டேன், ஒரு போல்ட்டு மிஞ்சிருச்சு.

மிஞ்சுனதை விட இடம் மாறுனதுதான் ஆபத்து. சைடு கவர் போல்ட்டு எல்லாம் ஒரே தடிமன், நீளம் மட்டும் வேற வேற. நீளமானது ஆழம் கம்மியான ஓட்டைல போனா அடில முட்டி கேஸை விரிசல் விட வைக்கும், குட்டையானது ஆழமான ஓட்டைல போனா ரெண்டு மரைதான் பிடிக்கும், அது உரிஞ்சு வந்துரும். அட்டைப்பெட்டி மூடில கவரோட வடிவத்தை வரைஞ்சு, போல்ட்டு இருக்கற இடத்துல ஓட்டை போட்டு, கழட்டக் கழட்ட அதுல சொருகி வைங்க. மாட்டறதுக்கு முன்னாடி எல்லா போல்ட்டையும் சொருகிப் பாருங்க, தலைக்குக் கீழ வெளிய நிக்கற நீளம் எல்லாத்துக்கும் ஒண்ணா இருக்கணும்.

எனக்கும் ஒருக்கா மிஞ்சுச்சு. கிளட்ச் கவரை ரெண்டு தடவை திரும்பக் கழட்டி, ரெண்டு பேக்கிங் வீணாக்கி, எங்கயும் சேராம ராத்திரி பதினோரு மணிக்கு வேர்த்து விறுவிறுத்து உக்காந்திருந்தேன். வீட்ல வந்து எட்டிப் பாத்துட்டு, "இது மிக்சியோடதுங்க, மத்தியானம் ரிப்பேர் பண்றேன்னு நீங்கதான கழட்டுனீங்க"ன்னாங்க.